செப்புத் தகட்டில் சாங்கிக் கடல்: ஒரு செதுக்கோவியத்தின் வரலாற்றுச் சான்று

முன்னுரை

பழைய ஐரோப்பியச் செதுக்கோவியங்கள் நம் பாடநூல்களில் பெரும்பாலும் அழகுப் படங்களாகவே இடம்பெறுகின்றன. பிரௌன், ஹோகன்பெர்க் இருவரும் கொலோன் நகரில் 1572 முதல் 1617 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட நகரக் காட்சித் தொகுப்பில், ஐரோப்பிய நகரங்களோடு கோழிக்கோடு, கண்ணனூர், கோவா ஆகியனவும் உள்ளன. அக்காலப்பகுதியிலேயே சாங்கியை ஒட்டிய கடலைக் காட்டும் படமொன்றும் 1607ஆம் ஆண்டளவில் பிராங்க்பர்ட்டில் வெளிவந்தது. அப்படத்தை எவ்வளவு தூரம் சான்றாகக் கொள்ளலாம் என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

படத்தின் பின்னணி

மக்காவிலிருந்து மலாக்கா நோக்கி வந்த சாந்தா கத்தரீனா என்னும் போர்த்துக்கீசியக் கப்பலை, வான் ஹீம்ஸ்கெர்க் தலைமையிலான டச்சுக்காரர் 25.2.1603 அன்று சிங்கப்பூரின் கிழக்குக் கரைக்கு அப்பால் கைப்பற்றினர். ஜொகூர் அரசு அவர்களுக்குத் துணைநின்றது. கப்பலின் சரக்கு ஆம்ஸ்டர்டாமில் முப்பது இலட்சம் கில்டருக்கு மேல் ஏலம் போயிற்று. இச்செயலை நியாயப்படுத்த குரோஷியஸ் எழுதிய வழக்குரையின் ஒரு பகுதியே 1609இல் 'கட்டற்ற கடல்' என்னும் நூலாக வெளிவந்தது. 1603 அக்டோபரில் ஜொகூர் ஆற்றுமுகப் பகுதியில் இரு தரப்பினரும் மீண்டும் மோதினர். இம்மோதலையே தெ பிறி குடும்பத்தார் செப்புத் தகட்டில் செதுக்கி வெளியிட்டனர்.

படம் காட்டுவதும் விடுவதும்

தெ பிறி குடும்பத்தார் ஆசியாவைக் கண்டவர் அல்லர். பயணக் குறிப்புகளைக் கொண்டே செதுக்கினர். படத்தின் தலைப்பு, போர் 'பாலுசபார்' ஆற்றில் நிகழ்ந்ததாகக் கூறுகிறது. அது பத்து சாவார் என்பதன் திரிபாகும். பத்து சாவாரோ ஜொகூரின் அன்றைய தலைநகர். நகரின் பெயர் ஆற்றின் பெயராயிற்று. ஒரே தகட்டிலிருந்து படிகள் பல எடுக்கப்பட்டமையால் பிழையும் அவற்றோடு பரவியது.

இதனோடு மலாக்காவில் பிறந்த எரேடியாவின் பணியை ஒப்பிடுவது பயனுடையது. அவர்தம் 1604ஆம் ஆண்டு வரைபடம் சிங்கப்பூரின் கிழக்குக் கரையில் தஞ்சோங் ரூசா, தானா மேரா ஆகிய பெயர்களைத் தருகிறது. தஞ்சோங் ரூசா இன்றைய சாங்கிப் பகுதியெனக் கருதப்படுகிறது. 1613ஆம் ஆண்டு நூலில் அவர் மலாக்காவில் சோழமண்டலக் கரையினர் வாழ்ந்த கம்போங் கெலிங்கையும் குறிக்கிறார். பிராங்க்பர்ட் படத்திலோ பொருளாக நிற்பது போர் மட்டுமே. நீரிணையின் வணிகத்தில் பங்குகொண்ட தமிழர் அதன் நோக்குக்குள் வரவில்லை. ஆயினும் ஐரோப்பிய வாசகரை உடனே சென்றடைந்தது அப்படமே. எரேடியாவின் நூலோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான் அச்சேறியது.

முடிவுரை

சாங்கிக் கடல் 1819க்கு இரு நூற்றாண்டுகள் முன்னரே உலக வணிகப் போட்டியின் களமாக விளங்கியது என்பதற்கு இச்செதுக்கோவியம் வலுவான சான்றாகும். எனினும் சாங்கியில் அன்று தமிழர் குடியிருந்தனர் என்று நிறுவ இப்படமோ எரேடியாவின் குறிப்புகளோ போதா. இல்லாததை விருப்பத்தால் நிரப்புவது, உள்ளதைக் காணாது விட்ட செதுக்குநரின் குறையையே நாமும் செய்வதாகும். ஆகவே இத்தகைய படங்களை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லும் ஆசிரியர்கள், செதுக்கியவர் யார், எவர் கூற்றைக் கேட்டுச் செதுக்கினார், எவருக்காகச் செதுக்கினார் என்னும் மூன்று வினாக்களையும் உடன் எழுப்புதல் வேண்டும்.