எரிந்த கோயிலும் எழுந்த கோயிலும்

இங்கிலாந்தின் மத்தியப் பிரதேசத்தில் இயந்திரத் தொழிலுக்குப் பேர்பெற்ற கோவெண்ட்ரி நகரத்தின்மீது, 1940-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் தேதி, பூரண சந்திரன் காய்ந்த இரவில், ஏறக்குறைய 500 ஜெர்மானிய விமானங்கள் மாலை முதல் விடியும் மட்டும் அலையலையாக வந்து குண்டுமாரி பொழிந்தன. 500 பேருக்கு மேல் மாண்ட அவ்விரவில், மத்திய காலத்துச் சிற்பிகள் எழுப்பிய புனித மைக்கேல் பேராலயத்தின் கூரைமீது நின்று, அதன் தலைமைக் குருவான ரிச்சர்ட் ஹோவர்டும், கல்தச்சர் ஜாக் ஃபோர்ப்ஸும், இளைஞர் இருவரும் விழுந்த தீக்குண்டுகளைத் தம்மால் இயன்றமட்டும் அவித்துக்கொண்டிருந்தனர். ஆயினும் ஈயத் தகட்டின் அடியிலிருந்த மரக்கூரையை நெருப்புப் பற்றிக்கொண்ட பின்பு, நகரத்து நீர்க்குழாய்களும் உடைபட்டுப் போனமையால், கோயில் முழுவதும் அக்கினிக்கு இரையாவதைப் பார்த்து நிற்பதன்றி அவர்களுக்கு வேறு வழியில்லாது போயிற்று. எஞ்சியவை கோபுரமும் புறச்சுவர்களுமே.

கோயிலைத் திரும்ப நிர்மாணிப்பதென்னும் சங்கற்பம் மறுநாளே பிறந்துவிட்டது. பகைமையின் சின்னமாக அதை எழுப்பலாகாது என்பதில் ஹோவர்டு திடமாக இருந்தார். சாம்பல் குவியலில் குறுக்கும் நெடுக்குமாய்க் கிடந்த இரண்டு கருகிய உத்தரக் கட்டைகளைச் சிலுவையாக நிறுத்தினார் ஃபோர்ப்ஸ். கூரையிலிருந்து உதிர்ந்த பழைய ஆணிகள் மூன்றை இணைத்து வேறொரு சிலுவை செய்தார் ஆர்தர் வேல்ஸ் என்னும் உள்ளூர்ப் பாதிரியார். நகரம் தன் பிணங்களைப் புதைத்து ஆறு வாரங்கூட ஆகாத அந்தக் கிறிஸ்துமஸ் தினத்தில், இடிபாடுகளின் நடுவிலிருந்து வானொலியில் பேசிய ஹோவர்டு, பழிவாங்கும் எண்ணத்தை நெஞ்சினின்று அகற்ற வேண்டுமெனத் தேச மக்களைக் கேட்டுக்கொண்டார். துக்கம் ஆறாத வீடுகளில் அவ்வார்த்தை எவ்வளவு கசந்திருக்குமென்று எண்ணுங்கால், அவருடைய தைரியத்தை வியவாதிருக்க முடியவில்லை.

கட்டும் வேலையோ எளிதில் தொடங்கவில்லை. ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் என்னும் பிரசித்தி பெற்ற சிற்பி வரைந்த முதல் திட்டம் நிராகரிக்கப்பட்டது. பின்னர் நடந்த பகிரங்கப் போட்டிக்கு வந்த இருநூற்றுக்கும் மேற்பட்ட வரைபடங்களுள், 1951-இல் தேர்ந்தெடுக்கப்பட்டது பேசில் ஸ்பென்ஸ் என்பவருடையது. அவர் பிறந்தது நம் பம்பாயில் என்பது நம்மவர் அறிந்து மகிழத்தக்கது. பழைய சுவர்களை இடிக்காமலும் கூரையிட்டு மூடாமலும் அவ்வண்ணமே விட்டு, அவற்றின் பக்கத்தில், உயர்ந்த முகமண்டபமொன்றால் இணைத்துப் புதிய ஆலயத்தை எழுப்ப வேண்டுமென்பதே அவர் கருத்து. அதைப் பலர் தூற்றினர். வீடிழந்த குடும்பங்களுக்கு வீடு கட்டிய பிறகன்றோ கோயில் என்று நகரசபையே எதிர்த்து நின்றது. அந்த வாதம் நியாயமற்றதென்று நான் சொல்லமாட்டேன். எனினும் 1954-இல் மந்திரி டேவிட் எக்கிள்ஸ் அனுமதி வழங்கினார். 1956-இல் எலிசபெத் ராணி அடிக்கல் நாட்டினார். 1962-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் தேதி பிரதிஷ்டை நடைபெற்றது. கிரகாம் சதர்லாந்து வரைய, பிரான்சு தேசத்தில் நெய்யப்பட்ட ஏறக்குறைய 75 அடி உயரத் திரைச்சீலையும், ஜான் பைப்பரின் வர்ணக் கண்ணாடிச் சாளரமும், பெத்லகேமிலிருந்து கொணர்ந்த பாறையில் குடைந்த ஞானஸ்நானத் தொட்டியும் அங்கே யாத்திரிகர் கண்களைக் கவர்கின்றன.

அவை யாவற்றினும் என் உள்ளத்தைப் பிணிப்பது பழைய கோயிலைச் சேர்ந்த ஓர் எளிய வேலையே. போரில் தம் நாடு செய்த தீமைக்குப் பிராயச்சித்தமாக உழைப்பதென்று ஜெர்மனியில் 1958-இல் தொடங்கப்பெற்ற இயக்கமொன்றைச் சேர்ந்த இளைஞர் பதினாறு பேர், 1961-இல் கோவெண்ட்ரிக்கு வந்து, எரிந்துபோன பூசனை அறைகளைச் சில மாத காலம் தம் கைகளாலேயே செப்பனிட்டு, பல தேசத்தாரும் கூடுவதற்குரிய ஒரு நிலையமாக ஆக்கிக் கொடுத்தனர். தம் தந்தையர் தலைமுறை எரித்ததைத் தாம் கட்டிய அவர்களுக்குக் கைம்மாறாக, ஆங்கிலேய இளைஞர் சிலர் 1965-இல் டிரெஸ்டன் நகரத்துக்குச் சென்று, 1945-ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் சிதைந்த மருத்துவமனையொன்றைப் புதுக்குவதில் பங்குகொண்டனர்.

ஆதலின் கோவெண்ட்ரி செல்லும் அன்பர்கள், திரைச்சீலையையும் சாளரத்தையும் மட்டும் கண்டு திரும்பிவிடாமல், கூரையற்ற பழைய கோயிலுக்குள்ளும் நடந்து, அந்த இளைஞர்கள் உழைத்த இடத்தையும் கண்டு வருவார்களாக.