லாயமும் லயமும்



சப்பிரகமுவத் தோட்டங்களின் பழைய துரை பங்களாக்களுக்குப் பின்னால், சற்று விலகினாற்போல், தாழ்ந்த ஓட்டுக்கூரையோடு ஒரு நீண்ட கட்டடத்தை இன்றும் சில இடங்களில் காணலாம். இப்போது அதில் உர மூட்டைகள் கிடக்கும். அல்லது ஒரு மோட்டார் வண்டி நிற்கும். முன்னொரு காலத்தில் அது துரையின் குதிரை நின்ற லாயம். அங்கிருந்து சரிவில் இறங்கினால் தொழிலாளர் வாழும் லயம் வரும்.

லாயம், லயம். ஒலியால் இவை நெருங்கிய சொற்கள், பிறப்பால் வேறானவை. லாயம் என்பது குதிரை கட்டும் இடத்துக்கு நாம் நெடுங்காலமாக வழங்கிவரும் சொல். லயமோ ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல் நம்மவர் வாயில் திரிந்தது. வரிசையாகக் கட்டிய அறைகள் என்பதே அதன் பொருள். ஆயினும் இரண்டும் ஒன்றுதான் என்று நம்பிய முதியவர்களை நான் கண்டிருக்கிறேன். 10 அடிக்கு 12 அடி அறையில் ஒரு குடும்பமே படுத்தெழுந்தவர்கள் அப்படி நம்பியதில் வியப்பென்ன?

என் பாட்டியின் தகப்பனார், அதாவது என் பூட்டனார், இரத்தினபுரிப் பக்கத்து றப்பர்த் தோட்டமொன்றில் குதிரைக்காரராக இருந்தவர். பாட்டி சிறுமியாக இருந்தபோது துரையின் பெட்டைக் குதிரை ஒரு குட்டி போட்டதாம். சினைப்பட்ட குதிரை குட்டி ஈனப் பதினொரு மாதமாகும். அந்தக் கடைசி மாதம் முழுவதும் பூட்டனார் லயத்துக்கு வந்து படுக்கவில்லை. லாயத்து வைக்கோலிலேயே கிடந்தார். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குட்டி நடுங்கிக்கொண்டே எழுந்து நின்றுவிட்டது. இரத்தினபுரி மாணிக்க மண் அல்லவா? அவர் அதற்கு மாணிக்கம் என்று பெயர் வைத்தார். துரை வைத்த ஆங்கிலப் பெயர் பாட்டியின் நினைவில் தங்கவில்லை.

குதிரைக்குட்டியைப் பழக்குவது அவசரக்காரனுக்கு ஆகாத காரியம். முதல் வாரத்திலேயே காதையும் கழுத்தையும் தடவி, மனிதக் கைக்கு அதைப் பழக்கினார். பிறகு காலைத் தூக்கிக் குளம்பைத் தட்டிப் பார்ப்பார். லாடம் அடிக்கும் நாளில் அது மிரளாதிருக்க அதுவே வழி. ஆறாம் மாதத்தில் பால் மறக்கச் செய்து கொள்ளும் புல்லும் கொடுத்தார். அப்பால் கழுத்துக் கயிறு. அதற்கும் பின்னர் முதுகில் ஒரு வெறுஞ் சாக்கு. எலும்பு முற்றுவதற்கு மூன்று வருடமாவது செல்லும்; அதற்கு முன் ஆளை ஏற்றினால் முதுகு கெட்டுப்போகும். கொள்ளென்றால் வாயைத் திறக்கும் குதிரை கடிவாளமென்றால் மூடிக்கொள்ளும் என்று ஒரு பழமொழி உண்டு. மாணிக்கம் இரண்டுக்கும் வாய் திறந்தது என்று பாட்டி பெருமையோடு சொல்லுவார்.

சேணம் பழகி முடிந்த சமயத்தில் துரை ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். குதிரை விலைப்பட்டது. அவிசாவளையிலிருந்து இரத்தினபுரி வரை சிறு இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1912ஆம் ஆண்டில். அந்த ஸ்டேசன் வரை பூட்டனாரே மாணிக்கத்தை நடத்திச் சென்று வண்டியேற்றினார். இருட்டிய பின் கழுத்துக் கயிறு மட்டும் கையிலிருக்க லயத்துக்குத் திரும்பினார். அன்றைக்கு ஏன் சாப்பிடவில்லை என்று யாரும் அவரைக் கேட்கவில்லையாம்.

நேயர்களே, குதிரைக்கும் தமிழனுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. ஆனால் அது பெரும்பாலும் வாங்குவதும் விற்பதுமான உறவு. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே குதிரை வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்லும். அனுராதபுரத்தை 22 ஆண்டுகள் ஆண்ட சேனன், குத்திகன் என்ற தமிழர் இருவரும் குதிரை வணிகனின் மைந்தர்கள் என்று மகாவம்சம் கூறும். நீதியோடு ஆண்டார்கள் என்றும் அந்நூலே சான்று தரும். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன்னோடு திருப்பெருந்துறைக்குப் போன மாணிக்கவாசகரின் வரலாறு நாம் எல்லோரும் அறிந்தது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு கசப்பான செய்தியை எழுதிவைத்தார். அரசன் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்குகிறான். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை. பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை. நல்ல குதிரைக்குப் பிறக்கும் குட்டியும் கோணற்காலோடு சவாரிக்கு உதவாமற் போகிறது என்றார். அந்நியர் ஒருவரின் கூற்றுத்தான். ஆனாலும் குட்டியைப் பெறுவதைவிட வளர்ப்பதே அரிது என்ற உண்மை அதில் இருக்கிறது.

ஈழத்தில் குதிரை வளர்ப்புக்கு வாய்த்த இடம் நெடுந்தீவு. வரண்ட அந்தத் தீவில் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் குதிரைகளைப் பெருக்கினார்கள். ஆங்கிலேயரும் சில காலம் தொடர்ந்தார்கள். அவற்றின் வழிவந்த குதிரைகள் காவலனின்றி அங்கே மேய்கின்றன. அவை உலவும் நிலப்பகுதி 2015ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது.

சப்பிரகமுவவின் நிலை வேறு. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும். சேற்றில் குளம்பு அழுகும். அட்டைகள் காலைச் சுற்றும். ஆகவே தோட்டத்துக் குதிரைகள் பெரும்பாலும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் கப்பலேறி வந்தவை. தெருவில்லாத கோப்பிக் காலத்தில் குதிரையின்றித் துரைத்தனம் நடக்காது. பெரட்டுக் களத்துக்கும் மலைச்சரிவுக்கும் துரை அதிலேதான் போனார். அந்தக் குதிரைக்குப் புல்லறுத்து, உடம்பு தேய்த்து, துரையின் பின்னே ஓடியவர்கள் நம்மவர்கள். 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, றப்பர் வந்தது. குதிரைக்காரன் மட்டும் பெயரில்லாமல் குதிரைக்காரனாகவே இருந்தான்.

சாதிக் குதிரைக்குப் பரம்பரைப் புத்தகம் உண்டு. தாய் யார், தந்தை யார், எந்த நாளில் பிறந்தது என்பதெல்லாம் அதில் எழுதப்படும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிடமும் அதையேதான் கேட்டது. உன் தகப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான், பத்திரம் காட்டு என்றது. லாயத்தில் பிறந்த குட்டியின் நாளைக் குறித்துவைத்த தோட்டங்களில், லயத்தில் பிறந்த பிள்ளைகள் எத்தனை பேரின் நாள் குறிக்கப்பட்டது? நாடற்றவராக எஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே வழிதிறந்தது. பாட்டி அதுவரை உயிரோடு இருக்கவில்லை.

தொல்காப்பியர் மரபியலில் இளமைப் பெயர்களை வகுக்கும்போது யானைக்கும் குதிரைக்கும் கன்று என்ற ஒரே பெயரை உரிமையாக்குகிறார். வகுப்பில் இதைக் கற்பிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் மாகாணம் நினைவுக்கு வரும். குதிரைக் கன்று மறைந்த சப்பிரகமுவவில் யானைக் கன்று வளர்கிறது.

கேகாலை மாவட்டத்துப் பின்னவலையில், மா ஓயாவின் அருகே ஒரு தென்னந்தோட்டத்தில், 1975ஆம் ஆண்டு ஐந்து கன்றுகளோடு யானைகள் அநாதை இல்லம் தொடங்கியது. 1984இல் அங்கேயே ஒரு கன்று பிறந்தது. 2021 ஆகஸ்டில் சுரங்கி என்ற யானை இரட்டைக் கன்றுகளை ஈன்றபோது நாடே மகிழ்ந்தது. அங்கே பாகனின் சொல் கேட்டு, மனிதரோடு மனிதராக அவை வாழ்கின்றன.

இரத்தினபுரி, மொனராகலை மாவட்டங்களின் எல்லையிலுள்ள உடவளவையில் 1995இல் தொடங்கிய இடைத்தங்கல் இல்லம் வேறு வழியிற் செல்கிறது. தாயை இழந்த கன்றுகளுக்கு மூன்று மணிக்கொரு தடவை பால் கொடுக்கிறார்கள். ஆனால் கொஞ்சுவதில்லை. மனிதக் கை பழகிவிட்டால் காடு பழகாது என்பதே காரணம். ஏறக்குறைய ஐந்து வயதில் கன்றுகளைக் கூட்டமாகக் காட்டில் விடுகிறார்கள். வளர்த்தவனை மறக்கக் கற்பிப்பதே அங்கே பயிற்சி.

எது உயர்ந்த அன்பு என்று தீர்ப்புச் சொல்ல நான் துணியேன். ஆனால் உடவளவையில் ஒரு கன்று திரும்பிப் பாராமல் காட்டுக்குள் நுழைவதைப் பார்க்கும் ஊழியருக்கு ஓர் ஆறுதல் உண்டு. அது தன் வீட்டுக்குப் போகிறது என்று அவருக்குத் தெரியும். ஸ்டேசனிலிருந்து வெறுங்கயிற்றோடு திரும்பிய என் பூட்டனாருக்கு அந்த ஆறுதல் இருக்கவில்லை. அவருக்கும் ஒரு வீடு சொந்தமாக இருக்கவில்லை.

குதிரைக்காரர், தோட்டக்காரர், தப்பால்காரர் என்று தொழிற்பெயரால் மட்டும் அழைக்கப்பட்ட முன்னோர் நம் வீடுகள் ஒவ்வொன்றிலும் இருக்கிறார்கள். அவர்கள் பெயரைச் சொல்லத் தெரிந்த முதியவர்கள் குறைந்து வருகிறார்கள். நேயர்களே, இன்றிரவே உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். கேட்டதை ஒரு கொப்பியில் நாளோடும் ஊரோடும் எழுதிவையுங்கள். நான் பிந்திவிட்டேன். மாணிக்கத்தின் பெயரைப் பாட்டி சொன்னார்; தன் தகப்பனின் பெயரை அவர் மரியாதை கருதி வாய்விட்டுச் சொன்னதேயில்லை. நானும் கேட்டுவைக்கவில்லை.