கோணல் துப்பாக்கியிலிருந்து பிறந்த போர் விமானம்

1914-இல் முதல் உலகப் போர் மூண்டபோது விமானத்தின் முக்கிய வேலை வேவு பார்ப்பதுதான். எதிரி எங்கே பதுங்குகுழி தோண்டுகிறான், பீரங்கியை எங்கே நிறுத்தியிருக்கிறான் என்று பார்த்துவந்து சொன்னால் போதும். நடுவானில் எதிரி விமானம் எதிர்ப்பட்டால் ரைஃபிளாலோ கைத்துப்பாக்கியாலோ சுட்டுப் பார்ப்பார்கள். பெரும்பாலும் குறி தவறிவிடும்.

இயந்திரத் துப்பாக்கியைப் பொருத்தலாம் என்றால் விசிறி குறுக்கே நின்றது. வேகமான சிறு விமானங்களுக்கு விசிறி மூக்கிலேயே சுழலும். நேராகச் சுட்டால் சொந்த விசிறியே சிதறிப்போகும்.

இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியவர்களில் ஒருவர் லானோ ஹாக்கர். பிரிட்டிஷ் ராணுவத்தின் பொறியாளர் பிரிவைச் சேர்ந்தவர், 1913-இல் சொந்தச் செலவில் விமானம் ஓட்டக் கற்றவர். 1915 கோடையில் அவர் கைக்கு ‘பிரிஸ்டல் ஸ்கவுட்’ என்ற ஒற்றை இருக்கை விமானம் வந்தது. எர்னஸ்ட் எல்டன் என்ற மெக்கானிக்கின் துணையோடு, அதன் இடப்பக்கத்தில் ஒரு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கியைச் சாய்வாகப் பொருத்தினார். தோட்டா விசிறியின் வட்டத்துக்கு வெளியே பாய்ந்தது. ஆனால் விமானம் ஒரு திசையில் போகும், குண்டு வேறு திசையில் போகும். நண்டு மாதிரி பக்கவாட்டில் நெருங்கி, எதிரியின் வேகத்தையும் துப்பாக்கியின் சாய்வையும் மனக்கணக்காகப் போட்டுச் சுடவேண்டும்.

ஜூலை 25 அன்று அந்தக் கணக்கு பலித்தது. இயந்திரத் துப்பாக்கி ஏந்திய மூன்று ஜெர்மன் விமானங்களை ஹாக்கர் தனி ஆளாகத் தாக்கினார். ஒன்று தப்பியது; ஒன்று சேதத்தோடு தரையிறங்கியது; மூன்றாவது எரிந்து விழுந்தது. விமானத்தோடு விமானம் மோதிய சண்டைக்காக விக்டோரியா கிராஸ் விருது பெற்ற முதல் விமானி அவர்தான்.

அதே நாட்களில் ஜெர்மானியர்களின் ஃபோக்கர் விமானம் களமிறங்கியது. விசிறியின் அலகுகளுக்கு இடைப்பட்ட வெளியில் மட்டுமே தோட்டா பாயும்படி துப்பாக்கியை எஞ்சினோடு இணைத்திருந்தார்கள். பிரிட்டிஷார் வேறு வழியில் போனார்கள்: விசிறியையே விமானிக்குப் பின்னால் தள்ளினார்கள். அப்படி வந்ததுதான் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் வடிவமைத்த டி.எச்.2. 1916 பிப்ரவரியில் ஹாக்கர் தலைமையில் அந்த விமானங்களோடு பிரான்சுக்குப் போன 24-ஆம் படைப்பிரிவு, பிரிட்டனின் முதல் ஒற்றை இருக்கைச் சண்டை விமானப் பிரிவு.

டி.எச்.2-இன் துப்பாக்கியை அங்குமிங்கும் திருப்பலாம். பறந்துகொண்டே துப்பாக்கியையும் திருப்புவது ஆகாத வேலை என்று விமானிகளுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. மேலிடமோ துப்பாக்கி அசையவேண்டும் என்றே பிடிவாதம் பிடித்தது. ஹாக்கர் ஒரு கிளிப்பைச் செய்து துப்பாக்கியை நேராக இறுக்கிவிட்டார். இனித் திருப்பவேண்டியது விமானத்தைத்தான். குறி பார்ப்பதும் விமானத்தின் மூக்கைக் கொண்டுதான். போர் விமானம் என்று இன்று நாம் சொல்வதன் இலக்கணம் இதுவே.

1916 நவம்பர் 23 அன்று ஹாக்கரின் எதிரே வந்தவர் ஜெர்மன் விமானி மான்ஃபிரட் ஃபான் ரிக்டோஃபென். அவருடைய ஆல்பட்ராஸ் விமானத்தில், விசிறியின் ஊடாகச் சுடும் துப்பாக்கிகள் இரண்டு, வேகமும் அதிகம். நெடுநேரம் வட்டமடித்த பிறகு, தன் படை எல்லையை நோக்கி விரைந்த ஹாக்கர் சுட்டு வீழ்த்தப்பட்டார். வயது 25.

மறு ஆண்டு 24-ஆம் படைப்பிரிவுக்கு டி.எச்.5 வந்தது. விசிறி மீண்டும் மூக்குக்கே போனது. அதன் ஊடாகவே சுட்டது துப்பாக்கி. விமானியின் கண்ணும் துப்பாக்கியும் ஒரே கோட்டில் நின்றன.