கோடைக் கொடுத்தாங்க, பேரைக் காப்பாத்தினாங்க

ஓப்பன் சோர்ஸுக்கு லைசன்ஸ் இருந்தா போதும்னு நினைச்சிருந்தேன். கோஹா கதை படிச்சதும் மாறிட்டேன்.

1999, நியூசிலாந்து. ஹோரோஃபெனுவா நூலகத்தோட பழைய சாஃப்ட்வேர் ஒய்2கே-வைத் தாண்டாது. கடிபோ என்ற சின்ன கம்பெனி புதுசா எழுதிக் கொடுத்தது. 2000 ஜனவரியில் ஓட ஆரம்பிச்சது. நூலகம் அதை ஜிபிஎல் லைசன்ஸில் எல்லாருக்கும் கொடுத்தது. கோஹான்னா மாவோரியில் அன்பளிப்பு. வாங்கினவங்க பதிலுக்கு ஏதாவது செய்யணும்.

பிறகு ஓர் அமெரிக்க கம்பெனி அந்தப் பேருக்கே டிரேட்மார்க் கேட்டது. கோடுக்கு லைசன்ஸ் காவல், பேருக்கு? நூலகம் எதிர்த்தது, பயனர்கள் நன்கொடை அனுப்பினாங்க. 2013-ல் விண்ணப்பம் தோற்றது.

இன்னைக்கும் ஒருத்தர் எழுதின பேட்சை இன்னொருத்தர் சோதிக்கணும். ரிலீஸ் மேனேஜரை ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுக்கிறாங்க. காவல் இந்தப் பழக்கம்தான்.