சிப்பாயின் ஞாபகமும் கேட்டவர்களும்

ஓய்வுபெற்ற இரண்டு சிப்பாய்கள் சந்தித்துக்கொண்டால் முதலில் பெயரைக் கேட்டுக்கொள்வதில்லை. எந்த ரெஜிமென்ட், எந்த வருஷம் சேர்ந்தது, எங்கெங்கே போஸ்டிங் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கிறது. வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் அநேகம். ஒருவர் ஓர் ஊரின் பெயரைச் சொன்னதும் மற்றவர் அந்த ஊர்க் குளிரைச் சொல்கிறார். லங்கரில் போட்ட சப்பாத்தியைச் சொல்கிறார். லீவு கிடைத்து வீடு வந்துசேர எத்தனை ரயில் மாற வேண்டியிருந்தது என்று கணக்குச் சொல்கிறார். சண்டையைப் பற்றிய பேச்சு குறைவு. வந்தாலும் பாதியில் நின்றுவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இது அலுப்பூட்டுகிறது.

சரித்திரக்காரர்களுக்கும் அலுத்திருக்க வேண்டும். சிப்பாயின் வாய்மொழி என்று நம் கைக்கு வந்திருப்பவற்றில் பெரும்பகுதி இப்படிப்பட்ட பேச்சிலிருந்து எடுத்ததில்லை. வேறு யாரோ, வேறு ஏதோ காரியத்துக்காகக் கேட்டு வாங்கி வைத்தவை அவை. கேட்டவன் யார் என்று பாராமல் சொன்னவனைப் படிக்க முடியாது.

கம்பெனியின் வங்காளப் படையில் 1812இல் சேர்ந்ததாகச் சொல்லப்படும் சீதாராம் பாண்டேயின் சுயசரிதத்தை எடுத்துக்கொள்வோம். கூர்க்கர் போர், ஆப்கன் போர், சீக்கியப் போர்கள், கடைசியில் 1857 என்று அரை நூற்றாண்டு அதில் ஓடுகிறது. சுடப்படவிருந்த கலகக்காரர்களிடையே தன் மகனே நிற்பதை அவர் காணும் இடம் மறக்கக்கூடியதல்ல. ஆனால் நூலின் மூலம் கிடைக்கவில்லை. நமக்கிருப்பது நார்கேட் என்ற ஆங்கில அதிகாரியின் மொழிபெயர்ப்பு. லாகூரில் 1873இல் வெளிவந்தது. பின்னர் அது ஆங்கிலத்திலிருந்து உருதுவுக்குப் போய், வெள்ளை அதிகாரிகளின் மொழித் தேர்வுக்குப் பாடமாயிற்று. சீதாராம் என்று ஒருவர் இருந்தாரா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. இருந்தார் என்றே வைத்துக்கொண்டாலும் எதிரே உட்கார்ந்து கேட்பவர் துரைதான். பழைய துரைமார்கள் சிப்பாயின் பாஷை அறிந்தவர்கள், புதியவர்கள் அப்படியில்லை என்று கிழவர் குறைப்படும்போது, அது யாருடைய காதுக்காகச் சொல்லப்பட்டது என்று கேட்காமலிருக்க முடியவில்லை.

முதல் உலகப்போரில் கேட்பவன் மறைந்து உட்கார்ந்துகொண்டான். 1914 செப்டம்பரில் இந்தியப் படைகள் மார்சேல்ஸில் இறங்கின. ஃபிரான்சின் சேற்றிலிருந்தும், பிரைட்டன் அரண்மனையில் அமைத்த ஆஸ்பத்திரியிலிருந்தும் எழுதப்பட்ட கடிதங்கள் தபால் தணிக்கை அலுவலகத்தைக் கடந்துதான் பஞ்சாபுக்கும் கார்வாலுக்கும் போக வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் எழுதத் தெரிந்த தோழனிடம் சொல்லி எழுதுவித்தார்கள். ஊரில் அதை வேறொருவர் உரக்கப் படித்தார். ஆக, மனைவிக்குப் போன கடிதமும் நாலு பேர் காதில் விழுந்த பிறகே அவளைச் சேர்ந்தது. அதிகாரி தேர்ந்தெடுத்து ஆங்கிலத்தில் பெயர்த்த பகுதிகள் அறிக்கைகளோடு லண்டனில் பத்திரமாக இருக்கின்றன. அசல் கடிதங்கள் போக வேண்டிய வீடுகளுக்குப் போய், அநேகமாக எல்லாம் அழிந்துவிட்டன.

தங்கள் கடிதம் படிக்கப்படுகிறது என்பது சிப்பாய்களுக்குத் தெரியும். கறுப்பு மிளகு தீர்ந்துவருகிறது, சிவப்பு மிளகு மிச்சமிருக்கிறது என்கிற பாணியில் எழுதினார்கள். கறுப்பு, இந்தியச் சிப்பாய். சிவப்பு, வெள்ளைச் சிப்பாய். இந்தச் சங்கேதத்தை நாம் ரசிக்கிறோம். தணிக்கைக்காரர் அதைக் கண்டுபிடித்துக் குறித்து வைத்ததால்தான் அது நம்மிடம் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். அவருக்குப் பிடிபடாத சங்கேதங்கள் வெற்றியடைந்தன. அதனாலேயே அவை நமக்கும் எட்டவில்லை.

மூன்றாவதாகக் கேட்டது ஒரு யந்திரம். பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டார்ஃபில் ஜெர்மானியர் நடத்திய 'அரைப்பிறை முகாம்' என்ற சிறை முகாமில் இந்தியக் கைதிகள் இருந்தார்கள். 1915 முதல் 1918 வரை ஜெர்மன் அறிஞர் குழு ஒன்று கைதி முகாம்களில் சுற்றி, சுமார் 250 மொழிகளையும் வழக்குகளையும் ஒலித்தட்டில் பதிந்தது. வேண்டியது மொழியின் மாதிரி. பேசுகிறவனின் கதை அவர்களுக்கு உபரி. 1916 டிசம்பர் 11ஆம் தேதி மால் சிங் என்ற பஞ்சாபிச் சிப்பாய் குழாயின் முன் நின்று ஒரு நிமிஷத்துக்குச் சற்று அதிகமாகப் பேசினார். தன்னைத் தான் என்று சொல்லாமல் யாரோ ஒரு மனிதனைப் பற்றிச் சொல்வதுபோல, அவன் ஊரில் வெண்ணெய் தின்றதையும், வெள்ளைக்காரனுக்காக ஐரோப்பியப் போருக்கு வந்து ஜெர்மானியரிடம் பிடிபட்டதையும், திரும்பிப் போனால் மறுபடி அதைத் தின்னலாம் என்பதையும் சொன்னார். அந்தப் படர்க்கைதான் முக்கியம். துப்பாக்கி வைத்திருப்பவனுடைய யந்திரத்தின் முன் தன்மையில் பேசுவது கூச்சமாக இருந்திருக்கலாம். கதை சொல்லும் மரபு அப்படிப் பழக்கியிருக்கலாம். எதுவானாலும் மொழி மாதிரி கேட்டவர்களிடம் அவர் பசியைக் கொடுத்துவிட்டு வந்தார்.

போர்க்களத்திலிருந்து திரும்பியவர்கள் சொல்லக்கூடிய அனுபவத்தில் வறியவர்களாக, ஊமையாகத் திரும்பினார்கள் என்று வால்டர் பெஞ்சமின் 1936இல், கதைசொல்லியைப் பற்றிய கட்டுரையில் எழுதினார். நம் விமர்சனத்தில் இது ஒரு வாய்பாடு ஆகிவிட்டது. மேற்சொன்ன மூன்று சாட்சியங்களையும் பார்த்தால் அது ஊமைத்தனமாகப் படவில்லை. ஆளைப் பார்த்துப் பேசுகிற ஜாக்கிரதையாகவே படுகிறது.

நமக்கு நெருக்கமான உதாரணம் இந்திய தேசிய ராணுவம். 1943இல் சிங்கப்பூரில் ஜான்ஸி ராணி ரெஜிமென்ட் அமைந்தபோது அதில் சேர்ந்த பெண்களில் பலர் மலேயா ரப்பர்த் தோட்டங்களின் தமிழ்க் கூலிக் குடும்பத்தவர். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டு, விமானங்களுக்குப் பயந்து இரவில் நடந்து, பாங்காக் வந்துசேர்ந்தவர்களில் அவர்களும் உண்டு. தலைமை வகித்த லட்சுமி சேகல் தன் ஞாபகங்களை எழுதினார். படித்த சில பெண்கள் பேட்டி கொடுத்தார்கள். பால்மரம் வெட்டிய பெண்ணிடம் போய் உட்கார்ந்தவர்கள் குறைவு. அந்த ராணுவத்தின் காலத்தைத் தமிழில் எழுதிய ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' அச்சேறியது 1972இல். அதே 1972இல்தான் மத்திய அரசு விடுதலை வீரர்களுக்குப் பென்ஷன் திட்டம் கொண்டுவந்தது. ஞாபகம் விண்ணப்பப் படிவமாயிற்று. சிறையிலிருந்த காகிதம் காட்டு என்றது சர்க்கார். காகிதம் இல்லையென்றால் கூடச் சிறையிலிருந்தவரின் சான்று கொண்டுவா என்றது.

இந்த இடம் யோசிக்க வேண்டியது. காகிதம் கைவிட்டபோது சர்க்காருக்கே, நீ அங்கே இருந்தாயா என்று ஒரு சிப்பாய் இன்னொரு சிப்பாயிடம் கேட்கும் கேள்வியிடம் வரவேண்டியிருந்தது. டீக்கடையில் எந்த வருஷம், எந்த ஊர் என்று கேட்பதும் அந்த விசாரணைதான். எதிரே இருப்பவன் அங்கே இருந்தவன் என்று தெரிந்தபின் குளிரையும் சப்பாத்தியையும் சொன்னால் போதும். மீதி அவனுக்குத் தெரியும். பேச்சு பாதியில் நிற்பது அதனால். நாம் அலுப்பு என்று எடுத்துக்கொண்டது, நம்மை உத்தேசிக்காத பேச்சு.

ஆனால் அங்கே இருந்தவர்கள் எல்லோரும் போய்விட்டால் பாதியில் நின்ற வாக்கியத்தை முடிக்க ஆளில்லை. 1971இல் போரிட்டவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். 1987 முதல் 1990 வரை இலங்கையிலிருந்த இந்திய அமைதிப்படையில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஈழத் தமிழ்ச் சனங்கள் பட்டதற்கு இன்னும் கணக்கு முடியவில்லை. அந்தப் படையில் தமிழ்ச் சிப்பாய்களும் இருந்தார்கள். ஃபிரான்ஸ் போன பஞ்சாபிக்கு ஜெர்மானியன் சொன்னது விளங்கியிராது. இவர்களுக்கு எதிரே நின்று அழுதவர்களின் ஒவ்வொரு வார்த்தையும் விளங்கியது. அவர்களில் பலர் இப்போது நம் ஊர்களில் வங்கி வாசலில் காவல் நிற்கிறார்கள். போஸ்டிங் வரிசையில் யாழ்ப்பாணம் என்று வந்ததும் பேச்சு சட்டென்று அடுத்த ஊருக்குத் தாவுகிறது.

துரையும் தணிக்கையும் யந்திரமும் சர்க்காரும் இல்லாமல், மொழிபெயர்ப்பும் தேவைப்படாமல் நாமே கேட்கக்கூடிய சாட்சியம் இது. நாம் இன்னும் போய் உட்காரவில்லை.