செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆதிதிராவிடர் கல்வி

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆதிதிராவிடர் கல்வி என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நில உரிமைக் கோரிக்கையோடு சேர்ந்து தொடங்கிய வரலாறாகும். இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திருவேற்காடு, பூந்தமல்லி, ஆவடி ஆகிய ஊர்களும் முன்பு செங்கல்பட்டு மாவட்டத்தையே சேர்ந்திருந்தன.

பின்னணி

இம்மாவட்டத்தில் மிராசு முறை வலுவாக இருந்தது. ஊரின் தரிசு நிலத்தைக் கேட்டுப் பெறுவதிலும் மிராசுதாரர்களுக்கே முன்னுரிமை. வயலில் உழைத்த பறையர் சமூகத்தினர் படியாட்களாக இருந்தனர். குடிசை நின்ற மனைகூடப் பலருக்குச் சொந்தமில்லை. மிராசுதாரரைப் பகைத்துக்கொண்டால் வேலையோடு வீடும் போகும். 1891இல் ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்கீர் இந்நிலையை விரிவான அறிக்கையாக எழுதி அரசுக்கு அனுப்பினார். அதன் விளைவாக 1892இல் ஒடுக்கப்பட்டோருக்குத் தரிசு நிலம் வழங்க ஆணை பிறந்தது. இவையே பஞ்சமி நிலங்கள். பிற சமூகத்தவருக்கு இவற்றை விற்க முடியாதபடி நிபந்தனைகளும் விதிக்கப்பட்டன.

ஆனால் பட்டாவையும் கடன் பத்திரத்தையும் படிக்கத் தெரியாதவரிடம் நிலம் எத்தனை நாள் தங்கும்? கைநாட்டு வைத்தே கைமாறிய நிலங்கள் பல. 1994இல் காரணைப் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின்போது காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தனர். நூறாண்டுக்கு முன் வழங்கிய நிலத்தை மீட்கத்தான் இந்தப் போராட்டம்.

பள்ளிகள்

1893 பிப்ரவரியில் வந்த கல்வி ஆணை பெரிய சேரிகளில் தனிப் பள்ளிகள் திறக்கவும், ஆசிரியர் பயிற்சிக்கு உதவித்தொகை அளிக்கவும், பள்ளிக் கட்டடத்துக்குப் புறம்போக்கு நிலம் ஒதுக்கவும் வழிசெய்தது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாறு அருகே முதல் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் திறந்தவற்றுள் ஒன்றுக்குத் திருவள்ளுவர் பெயர் வைக்கப்பட்டது. கிறித்தவ மிஷன்கள் இதற்கு முன்பே இப்பணியில் இருந்தன.

பொதுப் பள்ளிகளின் கதை வேறு. சட்டப்படி எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்தவை என்றாலும், பள்ளி அக்கிரகாரத்திலோ கோயிலை ஒட்டிய தெருவிலோ இருந்தால் சேரிப் பிள்ளை அந்த வழியே நடக்க முடியாது. சேர்க்கைப் பதிவேட்டில் தடை எதுவும் எழுதப்பட்டிருக்காது. தடை தெருவில் இருந்தது. இதனால் 1919இல், எல்லோரும் வரக்கூடிய இடங்களுக்குப் பள்ளிகளை மாற்றும்படி அரசு அறிவுறுத்த வேண்டியதாயிற்று. அதே ஆண்டுகளில் உருவான தொழிலாளர் துறை தனிப் பள்ளிகளையும் கிணறுகளையும் வீட்டு மனைகளையும் ஏற்படுத்தியது. தனிப் பள்ளி, தெருவைத் திறக்காமலே எழுத்தைக் கொடுத்த ஏற்பாடு. அன்றைக்கு வேறு வழியும் இல்லை.

இம்மாவட்டத்தார் இருவர் சட்டமன்றத்துக்குள்ளிருந்து இதை முன்னெடுத்தனர். பரங்கிமலையில் பிறந்த எம். சி. ராஜா பள்ளி ஆசிரியர், பாடநூல்களும் எழுதியவர். 'பஞ்சமர்', 'பறையர்' என்பவற்றுக்குப் பதிலாக 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை அரசு 1922இல் ஏற்றதில் அவர் பங்கு பெரிது. கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுத் தெருக்களும் கிணறுகளும் அலுவலகங்களும் யாவருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் நிறைவேற்றச் செய்தார். பள்ளிக்குப் போகும் பாதை காகிதத்தில் திறந்தது அப்போதுதான்.

இன்றைய நிலை

தொழிலாளர் துறைப் பள்ளிகளின் வழிவந்தவையே இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இயங்குகின்றன. இவற்றைப் பள்ளிக் கல்வித் துறையுடன் இணைக்கப் போவதாகத் தமிழ்நாடு அரசு 2023 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. பெயரிலுள்ள சாதி அடையாளம் நீங்கும் என வரவேற்றவர்களும், தனி ஒதுக்கீடும் விடுதிகளும் கவனிப்பாரற்றுப் போகும் என எதிர்த்தவர்களும் உண்டு.