1965-க்கு முன்னா, பின்னா? பேஸ் கிட்டார் ரசிகர்களின் தீராத வழக்கு

இளையராஜா பாடல்களில் அடியில் தனி மெட்டுப் போல ஓடும் கனத்த ஓசையைக் கவனித்திருப்பீர்கள். அதுதான் பேஸ் கிட்டார். பெரும்பாலும் நான்கு தந்திகள் கொண்ட இந்தக் கருவியை வாசிப்பவர்களிடம் ஒரு பழைய வழக்கு உண்டு. ஃபெண்டர் நிறுவனத்தின் பேஸ் ஒன்றைக் காட்டினால் அவர்கள் முதலில் கேட்பது, "இது 1965-க்கு முன் செய்ததா, பின் செய்ததா?" என்பதுதான். அந்தப் பதிலைப் பொறுத்து, ஒரே பெயரும் ஒரே வடிவமும் கொண்ட கருவியின் விலை பல மடங்கு மாறிவிடும். ஆகவே இது ரசனைச் சண்டை மட்டுமல்ல, காசுச் சண்டையும் கூட. இதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

தொடக்கம்

அதற்கு முன் இசைக்குழுக்களில் அடித்தொனிக்கு இருந்தது டபுள் பேஸ். ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய வயலின் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூக்கிச் செல்வது கஷ்டம். டிரம்ஸும் மின்கிட்டாரும் சேர்ந்து முழங்கும்போது அதன் ஒலி காதில் விழாது. 1930-களில் சியாட்டில் நகரில் பால் டுட்மார்க் ஒரு மின்பேஸ் செய்து விற்றார். ஆனால் அது பரவவில்லை.

1951-ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் தன் பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்தார். அவர் ரேடியோ பழுது பார்த்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாது! தந்தியின் அதிரும் நீளத்தை 34 அங்குலமாக வைத்தார். கழுத்தின் குறுக்கே ஃப்ரெட் எனப்படும் உலோகக் கம்பிகளைப் பதித்தார். விரல் சற்று முன்பின் போனாலும் சுருதி பிசகாது. அதனால்தான் 'துல்லியம்' என்ற பொருளில் பிரிசிஷன் பேஸ் என்று பெயர். 1957-ல் இரைச்சலைக் குறைக்கும் இரட்டைத் துண்டு பிக்கப் வந்தது. 1960-ல் மெல்லிய கழுத்தும் இரண்டு பிக்கப்களும் கொண்ட ஜாஸ் பேஸ் வந்தது.

பிளவு

1965 ஜனவரியில் சி.பி.எஸ். நிறுவனம் சுமார் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு ஃபெண்டரை வாங்கியது. லியோவுக்கு அப்போது உடல்நலம் சரியில்லை. வாங்கியவர்கள் உற்பத்தியைப் பெருக்கினார்கள். அதோடு புகார்களும் பெருகின. எடை கூடிவிட்டது, பூச்சு தடிமனாகிவிட்டது, கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் இடைவெளி தெரிகிறது என்றார்கள். 1970-களின் நடுவில் ஜாஸ் பேஸில் நான்கு திருகுக்குப் பதில் மூன்று திருகு வந்ததும் கோபம் உச்சத்துக்குப் போனது. 1985-ல் பில் ஷுல்ட்ஸ் தலைமையிலான குழு நிறுவனத்தை வாங்கும் வரை இது 'கெட்ட காலம்' என்றே சொல்லப்பட்டது.

இந்தப் புகார்கள் பொய்யல்ல. திருகு சரியாகப் பிடிக்காத கழுத்து ஆடும். ஆடினால் சுருதி கெடும். ஆனால் இதிலிருந்து "1965-க்குப் பின் வந்ததெல்லாம் குப்பை" என்று முடிவு கட்டினார்களே, சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மறுபக்கம்

ரஷ் குழுவின் கெடி லீ புகழ்பெற வாசித்தது 1972-ல் செய்த ஜாஸ் பேஸ். அடகுக் கடையில் 200 டாலருக்கு வாங்கியது. மார்கஸ் மில்லரின் கையில் இருப்பது 1977-ல் செய்தது. இரண்டுமே அந்தக் 'கெட்ட காலத்து' கருவிகள். அந்தக் காலத்தில் ஜாஸ் பேஸின் பின்பக்க பிக்கப் சற்றே பின்னால் தள்ளி வைக்கப்பட்டது. அதனால் கிடைத்த கூர்மையான ஒலி, மில்லர் கட்டைவிரலால் தட்டி வாசிக்கும் முறைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. (அவருடைய கருவியின் மின்சுற்றை ரோஜர் சடோவ்ஸ்கி மாற்றி அமைத்ததையும் சொல்ல வேண்டும்.) பின்னாளில் ஃபெண்டர் நிறுவனமே இந்த இரண்டு கருவிகளையும் மாதிரியாக வைத்து, இவர்கள் பெயரிலேயே பேஸ்களைச் செய்து விற்றது!

ஜப்பான் கதையும் இதே போலத்தான். மலிவான நகல் என்று ஜப்பானியக் கருவிகளை ஒரு காலத்தில் ஏளனம் செய்தார்கள். 1982-ல் ஃபெண்டரே ஜப்பானில் உற்பத்தி தொடங்கியது. அங்கே செய்த ஆரம்பக் கருவிகளை இன்று தேடித்தேடி வாங்குகிறார்கள்.

லியோவும் பழைய வடிவமே போதும் என்று உட்கார்ந்துவிடவில்லை. 1976-ல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே பேஸில் அவர் பங்கு உண்டு. பேட்டரியில் இயங்கும் முன்பெருக்கி அதில் இருந்தது. பிறகு ஜி அண்ட் எல் நிறுவனத்தில், 1991-ல் இறக்கும் வரை புதிது புதிதாகச் செய்துகொண்டே இருந்தார். அவர் பெயரைச் சொல்லிப் பழையதைப் போற்றுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மரமா, கையா?

அடுத்த சண்டை மரம் பற்றியது. பிக்கப் என்பது காந்தம். அது உணர்வது உலோகத் தந்தியின் அசைவை, மரத்தின் ஓசையை அல்ல. அதற்காக மரத்துக்கு வேலையே இல்லை என்றும் சொல்ல முடியாது. கழுத்தும் அதிர்கிறது. சில இடங்களில் அது தந்தியின் ஆற்றலை இழுத்துக்கொள்ள, ஸ்வரம் சட்டென்று செத்துவிடும். பல ஃபெண்டர் பேஸ்களில் மெல்லிய தந்தியின் 5 முதல் 7 வரையிலான ஃப்ரெட் பக்கம் இது நிகழும். நல்ல காலத்துக் கருவியும் இதற்கு விலக்கல்ல.

இன்னொரு ஒப்பீடு. மோட்டவுன் பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பேரெடுத்த கருவி 1962 பிரிசிஷன். பழைய, வழவழப்பான தந்திகளை மாற்றாமல் ஒரே விரலால் வாசித்தார். ஜாகோ பாஸ்டோரியஸின் கருவி 1962 ஜாஸ் பேஸ். ஃப்ரெட்களைப் பிடுங்கிவிட்டு எபாக்ஸி பூசியிருந்தார்கள். ஒரே தொழிற்சாலை, ஒரே ஆண்டு. ஆனால் ஒன்று டிரம் போல அழுத்தமாகத் துள்ளும், மற்றது மனிதக் குரல் போல இழையும். மாடல், தந்தி, ஃப்ரெட், விரல் இத்தனையும் மாறியிருக்க, ஆண்டு மட்டும் எதைச் சொல்லிவிட முடியும்?

முடிவாக

ஒரு கருவி எப்போது செய்யப்பட்டது என்பதை ஆண்டு சொல்லும். எப்படிச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லாது. அந்த ஆண்டு தொழிற்சாலையில் நூறு பேஸ் செய்திருந்தால், திருகை ஒழுங்காக முடுக்கியவரும் இருந்திருப்பார், அவசரத்தில் விட்டவரும் இருந்திருப்பார். பழமைக்கு விலை கொடுப்பது சேகரிப்பவர் விருப்பம். வாசிக்க வாங்கும் மாணவர் பார்க்க வேண்டியவை வேறு: கழுத்து நேராக இருக்கிறதா, உடலோடு அசையாமல் பொருந்துகிறதா, ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஸ்வரம் முழுதாக நிற்கிறதா? இந்த மூன்றுக்கும் விடை, கையில் எடுத்து வாசித்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும்.